காவிரிக்குக் கணக்கு உண்டு, காற்றில் வரும் தண்ணீருக்கு?

வில்லரேயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஜாரி மெட்ரோ. ஏறினால் வண்டி மாறாமல் மான்ட்ரியல் நகர மையத்துக்குப் போய்விடலாம். ஐ.நா. உயிர்ப்பன்மை உடன்படிக்கையின் செயலகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் உலக நாடுகள் இங்கே கூடி, 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று முடிவு செய்தன. காடு என்றதும் பலருக்கும் புலியும் யானையும்தான் ஞாபகம் வரும். எனக்கு வருவது நம்ம ஊர் குடிதண்ணீர்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி காவிரி நீர் தர வேண்டும் என்றது. அந்த எண் நமக்கெல்லாம் மனப்பாடம். அதே ஆண்டு மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் இன்னொரு கணக்கை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவமழைக்கான ஈரத்தில் 25 முதல் 40 சதவீதம் வரை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் தருவது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் அது 50 சதவீதம் வரை போகும் என்பது அந்தக் கணக்கு. அதை யார் பேசினோம்?

விஷயம் எளிது. மரம் வேரால் நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக விடுகிறது. மேற்கிலிருந்து வீசும் காற்று அதை மலை தாண்டி நம் பக்கம் கொண்டுவருகிறது. மேல்மண் காய்ந்தாலும் ஆழமாக வேர் விட்ட மரம் அடிமண் ஈரத்தை எடுத்துத் தருகிறது. பஞ்ச காலத்துக்கான சேமிப்பு மாதிரி.

அந்தச் சேமிப்புக்கும் எல்லை உண்டு. வறட்சி நீண்டால் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். ஆவி குறையும், மழையும் குறையும், மிச்சக் காடும் காயும். கோடரியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காடு போனால் நாளொன்றுக்கு 1 முதல் 2.5 மி.மீ. மழை குறையலாம், அதாவது அந்தப் பருவ மழையில் ஏறக்குறைய கால்பங்கு என்கிறது அதே ஆய்வு.

"நமக்கு வடகிழக்குப் பருவமழைதானே பெரிசு?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மானாவாரி விவசாயி எதை நம்பி விதைப்பார்?

மாதவ் காட்கில் குழு 2011-லும், கஸ்தூரிரங்கன் குழு 2013-லும் அறிக்கை தந்தன. 2014 முதல் 2024 வரை மத்திய அரசு வெளியிட்டவை ஆறு வரைவு அறிவிப்புகள். ஆறாவது வந்தது வயநாடு நிலச்சரிவுக்கு மறுநாள். அத்தனையும் வரைவு!

அணைத் தண்ணீருக்காக பெங்களூருவோடும் திருவனந்தபுரத்தோடும் மல்லுக்கட்டும் தமிழ்நாடு, அவர்கள் பக்கக் காட்டுக்காகவும் பேச வேண்டும். அப்படிப் பேச, நீலகிரியிலும் வால்பாறையிலும் நம் பக்கம் மிச்சமிருக்கும் சோலைகளை முதலில் நாம் காப்பாற்றிக் காட்ட வேண்டும். தேயிலையும் தைல மரமும் நட்டுவிட்டு பச்சையாகத்தானே இருக்கிறது என்று சொன்னால், பக்கத்து மாநிலம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.