கடகட... லொடலொட... டொக்! ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் என்ன சத்தம்?

இன்ஜின் உறுமலுக்காகவே கூடுதல் பணம் கொடுத்து கார் வாங்குகிறவர்கள் ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள். அதே காரின் முன்சக்கரத்துப் பக்கமிருந்து 'கடகட' என்று ஒரு சத்தம் கிளம்பினால் மட்டும் அவர்களுக்குத் தூக்கம் போய்விடும். பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். அடுத்து நடப்பது எல்லா ஊரிலும் ஒரே கதைதான். 'ஷாக் அப்சார்பர் போயிருக்கும்' என்பார் ஒருவர். புதுசு மாட்டுவார்கள், சத்தம் போகாது. 'புஷ் தேய்ஞ்சிருக்கும்' என்பார் இன்னொருவர். அதையும் மாற்றுவார்கள். கடைசியில் பர்ஸ் காலி, சத்தம் அப்படியே இருக்கும்.

தவறு பாகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. நோயைக் கண்டுபிடித்த பிறகுதான் மருந்து. சஸ்பென்ஷன் சத்தங்களில் பெரும்பாலானவை காதுக்கு மட்டுமே தொல்லை, செலவும் சின்னது. ஆனால், ஒன்றிரண்டு சத்தங்கள் உயிர் சம்பந்தப்பட்டவை. எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கப் பெரிய வொர்க்‌ஷாப் தேவையில்லை. சமதளமான தரை, நல்ல ஜாக்கி, ஸ்டாண்டுகள், ஒரு டார்ச், உதவிக்கு ஒரு ஆள் இருந்தால் வீட்டிலேயே முடியும்.

உதாரணத்துக்கு மஸ்தா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்ளலாம். 1989-ல் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமான இரண்டு சீட் கார் இது. அமெரிக்காவில் மியாட்டா என்று பெயர்; ஜப்பானில் முதல் தலைமுறைக்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர் இருந்தது. 2016-ல் பத்து லட்சமாவது கார் தயாரானது. விலை எட்டும் தூரத்தில் இருந்ததாலும், அமைப்பு எளிமையாக இருப்பதாலும், சொந்தக்காரர்களே வீட்டு கராஜில் ஸ்பானர் பிடிக்கும் கார்களில் இதுவும் ஒன்று. முதல் தலைமுறை கார்களில் பலவற்றுக்கு இன்று 30 வயதைத் தாண்டிவிட்டது. கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயதாகாமல் இருக்காது. அதனால் சத்தம் பற்றிப் பாடம் படிக்க இதைவிட நல்ல கார் கிடையாது.

ஸ்போர்ட்ஸ் காரில் ஏன் அதிகம் கேட்கிறது?

குடும்ப காரில் சஸ்பென்ஷனுக்கும் பாடிக்கும் நடுவே தடிமனான, மெத்தென்ற ரப்பர் புஷ்கள் இருக்கும். சின்னச் சின்ன அதிர்வை அவையே விழுங்கிவிடும். ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டீயரிங் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கெட்டியான புஷ், விறைப்பான ஸ்பிரிங், பக்கவாட்டு உயரம் குறைந்த டயர் என்று எல்லாமே இறுக்கம். போதாததற்கு, எடையைக் குறைக்கச் சத்தத் தடுப்புப் பொருள்களையும் குறைத்திருப்பார்கள். எம்எக்ஸ்-5 போலக் கூரை திறக்கும் காரில் சத்தம் நேராகக் காதுக்கே வந்து சேரும்.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள்

சிரிக்க வேண்டாம். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பானர், பழைய தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, அதே சாலையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எம்எக்ஸ்-5-ன் முதல் இரண்டு தலைமுறைகளில் பேட்டரியே டிக்கியில்தான் இருக்கிறது. அதன் பிடிமானக் கம்பி லூஸாக இருந்தால் பின்பக்க ஷாக் போனது போலவே 'டொக் டொக்' என்று கேட்கும். அடுத்து, கூரையைத் திறந்துவைத்து ஒரு ரவுண்டு. சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி கூரையின் கொக்கி. சீட் பெல்ட் கொக்கி பிளாஸ்டிக்கில் இடிப்பது, நம்பர் பிளேட் ஆடுவது, சைலன்சர் மேலிருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு துருப்பிடித்துத் தளர்வது எல்லாம் இந்த வகைதான். தகடு என்றால், இன்ஜின் ஓடும்போதே, வண்டி நின்றாலும் 'சிலுசிலு' என்று கேட்கும். கார் முழுக்க ஆறிய பிறகு கையால் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சத்தத்துக்குப் பெயர் வையுங்கள்

சத்தங்களுக்குத் தமிழில் இருக்கும் வார்த்தைகள் மெக்கானிக்குக்குப் பெரிய வரம். பொடிக் கற்கள் கிடக்கும் மெதுவான சாலையில் 'லொடலொட' என்று தொடர்ந்து கேட்டால், லிங்க் ராட் அல்லது பிரேக் பேட் மீது முதல் சந்தேகம். பள்ளத்துக்கு ஒரு முறை என்று கனமாக 'டொக்' என்றால் பால் ஜாயின்ட், புஷ், ஷாக்கின் மேல் மவுண்ட். 'கிரீச்' என்று இழுத்தால் காய்ந்த புஷ். கிரீஸ் இல்லாமல் மாட்டிய பாலியூரிதேன் புஷ் இப்படித்தான் கத்தும். பெரிய பள்ளத்தில் மட்டும் 'தொம்' என்றால், உயரம் குறைத்த காரில் சஸ்பென்ஷன் கடைசி வரை அமுங்கி பம்ப் ஸ்டாப்பில் இடிக்கிறது.

சத்தத்தின் பெயரோடு, எப்போது வருகிறது என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலையில் கார் குளிர்ந்திருக்கும்போதா, ஓடிச் சூடான பிறகா? திரும்பும்போதா, நேராகப் போகும்போதா? எந்தப் பக்கம் என்பதை மட்டும் உறுதியாக எழுத வேண்டாம். இரும்பு வழியாகப் பயணிக்கும் சத்தம் ஆளை ஏமாற்றும். இடதுபக்கச் சத்தம் வலதுபக்கம் கேட்பது சர்வசாதாரணம்.

ரோட்டில் மூன்று சோதனைகள்

ஒன்று: வேகத்தடையில் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராக, மெதுவாக ஏற்றுங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்படி ஓட்டுங்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது ஸ்டெபிலைசர் பாருக்குப் பெரிதாக வேலை இல்லை. ஒரு சக்கரம் மட்டும் ஆடும்போதுதான் அது முறுக்கப்படும். எனவே, ஒற்றைச் சக்கரப் பள்ளத்தில் மட்டும் சத்தம் என்றால் அந்த பாரின் லிங்க் ராடு அல்லது புஷ். இரண்டிலும் சத்தம் என்றால் தேடல் ஷாக், மவுண்ட், ஆர்ம் பக்கம் திரும்ப வேண்டும்.

இரண்டு: ஆளில்லாத கரடுமுரடான சாலையில் மெதுவாகப் போகும்போது பிரேக்கை லேசாகத் தொடுங்கள். சத்தம் டக்கென்று நின்றால் சஸ்பென்ஷனில் குற்றமில்லை. பிரேக் பேடோ, கேலிப்பரோ தன் இடத்தில் ஆடுகிறது. சத்தம் அடக்கும் மெல்லிய கிளிப்பை யாரோ பேட் மாற்றும்போது மாட்டாமல் விட்டிருக்கலாம்.

மூன்று: கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்புங்கள். டொயோட்டா ஜிடி86 போல முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில், ஸ்டீயரிங்கோடு ஸ்ட்ரட்டும் சேர்ந்து திரும்பும். அப்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளினால் மேல் மவுண்டின் பேரிங் சிக்குகிறது என்று பொருள். எம்எக்ஸ்-5-ல் முன்பக்கம் டபுள் விஷ்போன். அதில் ஷாக் திரும்பாது. அதனால் இந்தச் சோதனையில் சத்தம் வந்தால் ஸ்டீயரிங் ராக், டை ராட், பால் ஜாயின்ட் பக்கம் பார்க்க வேண்டும்.

ஜாக்கியை நம்பாதீர்கள்

காருக்கு அடியில் தலையை விடும் முன் ஒரு விதி. ஜாக்கி என்பது தூக்க மட்டுமே, தாங்குவதற்கு இல்லை. ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே ஒரு சின்ன சீல் கிழிந்தாலும் ஒரு டன் இரும்பு நேராகக் கீழே இறங்கும். கெட்டியான சமதளம், எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை, கையேட்டில் காட்டிய இடத்தில் ஸ்டாண்டு. காரைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் படுக்கவைத்தால் இரண்டாவது காவல். செங்கல், ஹாலோ பிளாக் கற்களை ஸ்டாண்டாக வைப்பது தற்கொலைக்குச் சமம்.

கை, கண், கம்பி

லிங்க் ராடைச் சோதிக்கும்போது பலரும் ஏமாறுவது இங்கேதான். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்கை இறுக்கிப் பிடிக்கும். தேய்ந்த ஜாயின்ட்கூட நல்ல பிள்ளையாகக் காட்சி தரும். அதனால், கார் தரையில் நிற்கும்போதே, சக்கரத்தைத் திருப்பி வைத்து உள்ளே கைவிட்டு லிங்கைப் பிடித்து வேகமாக ஆட்டுங்கள். 'டிக் டிக்' என்று கையில் தட்டினால் அதுதான். இன்னும் சந்தேகமா? லிங்கைக் கழற்றி, எதிலும் இடிக்காமல் பாரைக் கட்டிவைத்து, அதே சாலையில் மிக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் தீர்ப்பு உறுதி. பார் இல்லாமல் கார் வளைவில் அதிகம் சாயும் என்பதால், இந்தச் சோதனை தெருவோடு முடிய வேண்டும்.

பால் ஜாயின்ட்டுக்கு வேறு முறை. எம்எக்ஸ்-5-ல் ஸ்பிரிங்கின் பாரம் கீழ் ஆர்ம் மேல் உட்காருகிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் ஸ்பிரிங் கீழே தள்ளி, கீழ் ஜாயின்ட்டின் ஆட்டத்தை மறைத்துவிடும். பாடி ஸ்டாண்டில் இருக்க, கீழ் ஆர்மின் நுனியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து லேசாகத் தூக்கிய பிறகு, டயருக்கு அடியில் நீளமான கம்பியை விட்டு நெம்பிப் பாருங்கள். உதவிக்கு இருப்பவர் ஜாயின்ட் மேல் விரலை வைத்துக்கொண்டால் சின்ன ஆட்டமும் தெரியும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைவு இருந்தால், யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் அசைவு நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் டை ராட் பக்கம்.

இங்கேதான் உயிர் விஷயம் வருகிறது. லிங்க் ராடு முறிந்தால் கார் கொஞ்சம் சாயும். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து, ஸ்டீயரிங் இருந்தும் இல்லாதது போல் ஆகிவிடும். பால் ஜாயின்ட்டிலோ டை ராடிலோ ஆட்டம் தெரிந்தால், 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று அதே காரில் ஆபீஸ் போகக் கூடாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

அதிர்ஷ்டவசமாக, அதிகம் மாட்டுவது லிங்க் ராடுதான். ஒரு லிங்குக்கு இரண்டே நட். முதல் நாள் ராத்திரியே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவையுங்கள். நட்டைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் பால் ஸ்டட்டும் சேர்ந்து சுற்றும். அதை ஆலன் கீ அல்லது மெல்லிய ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் அதே வயதுதான். ஜோடியாக மாற்றுவது நல்லது. லாக் நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

ஆர்ம் புஷ் மாற்றினால் ஒரு ரகசியம் உண்டு. ரப்பர் புஷ் தன் நடு இரும்புக் குழாயோடு ஒட்டியே இருக்கும்; அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டுக் காரை இறக்கினால், ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். கார் தன் பாரத்தில் தரையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. அதுவும் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து. எம்எக்ஸ்-5-ன் கீழ் ஆர்ம் போல்ட்டுகளில் வீல் அலைன்மென்ட்டுக்கான கேம் இருக்கிறது. கழற்றும் முன் பெயின்ட்டால் அடையாளம் போடுங்கள். மாட்டிய பிறகு அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

உயரத்தை மாற்றும் காயில்ஓவர் போட்ட கார்களில் பாகம் வாங்கும் முன் ஸ்பானரை எடுங்கள். மேல் நட் தளர்ந்திருக்கலாம்; உயரத்தைப் பூட்டும் வளையம் நகர்ந்து, சக்கரம் முழுக்க இறங்கும்போது ஸ்பிரிங் லூஸாக ஆடிக்கொண்டிருக்கலாம். இந்தச் சத்தத்துக்குச் செலவே இல்லை.

வீட்டில் தொடக் கூடாத வேலையும் உண்டு. ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் பிரிக்க, அழுத்தி வைத்த ஸ்பிரிங்கைக் கையாள வேண்டும். கம்ப்ரெஸர் நழுவினால் ஸ்பிரிங் குண்டு மாதிரி பாயும். அந்த வேலைக்குத் தயங்காமல் வொர்க்‌ஷாப் போங்கள்.

எல்லாம் முடிந்ததும், நோட்டில் குறித்த அதே சாலை, அதே வேகம், அதே பள்ளம். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றியிருந்தால், சத்தம் நின்றதற்கு யார் காரணம் என்று தெளிவாகத் தெரியும். 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டையும், கழற்றி மாட்டிய ஒவ்வொரு நட்டையும் இன்னொரு முறை சரிபாருங்கள். வீட்டு வாசலில் நிற்பது ஸ்விஃப்டாக இருந்தாலும் வழி இதுதான்: முதலில் டிக்கி, பிறகு காது, அப்புறம் கை. பர்ஸைத் திறப்பது கடைசியில்.