பிறவித் திறமையா? பயிற்சியா?

விளையாட்டில் ஒருவர் பெரிய ஆளாக வருவதற்குக் காரணம் என்ன? பிறவியில் அமைந்த திறமையா? அல்லது படித்த கல்லூரியும், அங்கே கிடைத்த பயிற்சியுமா?

"ஓடுகிற கால் எங்கே இருந்தாலும் ஓடும்" என்பார்கள் சிலர். "நல்ல கல்லூரியில் சேர்த்தால் யாரும் ஓடுவார்கள்" என்பார்கள் வேறு சிலர்.

இந்த வழக்குக்குப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒரு சாட்சி உண்டு. அவர்தான் சாந்தி சௌந்தரராஜன்.

சூளையிலிருந்து தோகாவுக்கு

சாந்தி, கத்தக்குறிச்சி கிராமத்தில் 1981-ம் ஆண்டு பிறந்தவர். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். அவருக்கு ஓடக் கற்றுக் கொடுத்தவர் அவருடைய தாத்தா. மைதானம் எது? குடிசைக்கு வெளியே இருந்த மண் தரைதான்!

அப்போது அவருக்குக் கல்லூரியும் இல்லை. பயிற்சி நிலையமும் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடப் போட்டியில் ஜெயித்தார். ஆகவே, முதலில் வந்தது திறமை. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுப் பயிற்சியாளர் அவரை அழைத்துக் கொண்டார். பள்ளிச் சம்பளம் இல்லை. உடுப்பு இலவசம். மத்தியானம் சூடான சாப்பாடும் கிடைத்தது. பிறகு புதுக்கோட்டையில் கல்லூரி. அடுத்துச் சென்னையில் கல்லூரி. 2006-ம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார்.

அந்தச் சாப்பாடு கிடைக்காமல் போயிருந்தால்? கால் இருந்திருக்கும், ஓடத் தெம்பு இருந்திருக்காது.

சின்னப்பம்பட்டி வாலிபர்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் நடராஜன் இன்னொரு சாட்சி. டென்னிஸ் பந்தில் ஊர்ப் பந்தயம் ஆடி வளர்ந்தவர் அவர். பெயர் பெற்ற பயிற்சி நிலையம் எதுவும் அவரை வளர்க்கவில்லை.

2015-ம் ஆண்டில் அவர் பந்து வீசும் முறை சரியில்லை என்று புகார் எழுந்தது. விஷயம் தெரிந்த பயிற்சியாளர்கள் கூடவே நின்று அதைத் திருத்தினார்கள். 2017-ம் ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்குப் போனார். 2020 டிசம்பரில் இந்திய அணிக்காக ஆஸ்திரேலியாவில் ஆடினார். வேகம் அவருடையது. அதை வீணாகாமல் காத்தது பயிற்சி.

யார் கண்ணில் படும்?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது பழமொழி. தெரியும், ஆனால் யாருக்கு? வயலுக்குப் போய்ப் பார்க்கிறவருக்குத்தானே?

பார்க்கிறவர்களும் தவறுவது உண்டு. அமெரிக்காவில் கல்லூரியில் கால்பந்து ஆடுகிறவர்களைப் பெரிய அணிகள் வரிசையாகப் பொறுக்கி எடுக்கும். 2000-ம் ஆண்டில் டாம் பிரேடி என்ற வீரரை 199-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவரே பிறகு 7 முறை நாட்டின் உச்சக் கோப்பையை வென்றார்! கல்லூரி ஆட்டத்தை மட்டும் வைத்து ஆளை எடை போட்டால் இப்படித்தான் ஆகும்.

விழுந்தால் தூக்க வேண்டாமா?

சாந்தியின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அவருடைய பதக்கத்தைப் பறித்து விட்டார்கள். அவர் புதுக்கோட்டைக்கே திரும்பி வந்து, ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக் கொடுத்தார். ஆனாலும் 2012-ம் ஆண்டில் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்ய நேர்ந்தது. 2016-ம் ஆண்டில்தான் அரசாங்கப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது.

பதக்கம் வந்தபோது மாலை போட்ட கைகள், அது போனபோது எங்கே போயின? ஓட வைப்பது மட்டும் பயிற்சி ஆகாது. விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவதும் அதில் சேர்ந்ததுதான்.

ஆகவே, தீர்ப்பு இதுதான்: திறமையைக் கல்லூரி உண்டாக்குவதில்லை, கல்லூரி இல்லாமல் திறமை கரை சேர்வதும் இல்லை. திறமை குடிசையிலும் பிறக்கும். பயிற்சிதான் அந்தக் குடிசையைத் தேடிப் போக வேண்டும்.

அதற்குப் பெரிய மைதானம் கட்டும் வரை காத்திருக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காமல் இருக்கட்டும். ஓடுகிற பிள்ளைக்கு வயிறு நிறையச் சாப்பாடு போடட்டும். "பெண் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?" என்று வீட்டில் கேட்காமல் இருக்கட்டும். அடுத்த சாந்தி இப்போது எந்த மண் தரையில் ஓடிக் கொண்டிருக்கிறாரோ, யார் கண்டது?