வாசலுக்கு உள்ளே

காலடிப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் பையை எந்திரத்துக்குள் அனுப்பிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மருத்துவமனைகளிலும் இதையே செய்தால் என்ன என்ற கேள்வி 2024 நவம்பருக்குப் பிறகு வலுத்துவிட்டது. அம்மாதம் 13ஆம் தேதி, கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவர் உயிர் பிழைத்தார். மெட்டல் டிடெக்டர், உடனிருப்போர் கையில் வண்ணப் பட்டை என அறிவிப்புகள் தொடர்ந்து வந்தன.

எந்திரம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கிண்டியில் அது கத்தியைக் காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் 2023 மே 10 அன்று கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுக்கா மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவரைக் கொன்றவர், காயத்துக்குக் கட்டுப்போடப் போலீசாரே அழைத்துவந்தவர். ஆயுதமும் அங்கேயே இருந்த கத்தரிக்கோல்தான். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவர், இரவுப் பணிக்கிடையே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கப் போனவர். தண்டிக்கப்பட்டவரோ காவல்துறையின் தன்னார்வலராக அங்கே தடையின்றிப் போய்வந்தவர். இவர்களை எந்த வாசல் தடுத்திருக்கும்?

சட்டத்துக்கும் குறைவில்லை. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஜாமீன் கிடையாது; மூன்று முதல் பத்தாண்டு வரை சிறை என்று தமிழ்நாடு 2008லேயே சட்டம் இயற்றிவிட்டது. தாயின் உடல்நிலை குறித்த ஆத்திரத்தில் கத்தியெடுப்பவன் சட்டப் பிரிவுகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தென் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே இரண்டு இரவுகள் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் தகப்பனார். என்ன நடக்கிறது என்று சொல்ல யாருமில்லை. எங்களுக்கு வாய்த்த ஒரே முகம் ஒப்பந்தக் காவலாளியின் முகம். அவருக்கும் ஒன்றும் தெரியாது. "தள்ளி நில்லுங்க" என்பது மட்டுமே அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த வசனம். இரண்டாம் நாள் விடியலில் சாதுவான ஒரு மனிதர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். நாங்கள்தான் விலக்கினோம். விலக்கிய எனக்கும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. தாக்குதலை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. கோபம் எங்கே விளைகிறது என்பதை அங்கே கண்ணால் கண்டேன்.

திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்குப் பெரிய நோய் என்றால் ஸ்டான்லி, பிரசவம் என்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருபவர்கள் இவர்கள். மெட்ரோவில் பையைக் காட்டுபவனுக்கு உள்ளே உயிருக்குப் போராடும் உறவு இல்லை, இவர்களுக்கு இருக்கிறது. எந்திரத்தோடு இன்னும் இரண்டு காரியங்கள் செய்தாக வேண்டும். காலையும் மாலையும் குறித்த நேரத்தில் நோயாளியின் நிலையை உறவினரிடம் சொல்வதற்கென்றே, மருத்துவம் அறிந்த ஒருவர் ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவிலும் வேண்டும். இரவுப் பணியில் இருப்போருக்கு உள்ளிருந்து தாழிடக்கூடிய, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இருக்கிற ஓய்வறை வேண்டும்.

இரண்டுக்கும் ஆகும் செலவு பெரிதல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் திறப்பு விழாவில் எந்திரத்தைக் காட்டுவதுபோல் இவற்றைக் காட்ட முடியாது.