வாட்ச்மேனைத் திட்டாதீங்க மக்கா, லிஸ்ட் கொடுங்க

ஹாஸ்டல் வைஃபையில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் நல்ல வேகம். கூகுள் மீட் திறந்தால் மட்டும் குரல் திக்குது, முகம் உறையுது. ‘நெட் ஸ்லோ’ என்று முடிச்சுடறோம். பல நேரம் வேகம் பிரச்னையே இல்லை.

நம் லேப்டாப்புக்குக் கிடைப்பது 10 அல்லது 192.168 என்று தொடங்கும் உள் முகவரி. எல்லா ஹாஸ்டலிலும் பத்தாம் நம்பர் ரூம் உண்டு. அதை மட்டும் எழுதித் தபால் போட்டால் வந்து சேருமா? வெளியுலகில் நம் முகவரி எது என்று சொல்ல ஸ்டன் சர்வர், நேர்வழி கிடைக்காதபோது இடையில் நின்று வாங்கிக் கொடுக்க டர்ன் சர்வர். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் ஃபயர்வாலில். பல கல்லூரிகளில் டிசிபி 443 திறந்திருக்கும், யுடிபி மொத்தமாக அடைபட்டிருக்கும். கால் வேறு வழியின்றி டிசிபியில் போகும். அதில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது திரும்ப வரும்வரை பின்னால் வந்தவையும் வரிசையில் நிற்கும். ஃபைல் இறக்க அது சரி, பேச்சுக்குச் சரிப்படாது.

இலவச விபிஎன் போட்டால் தீர்ந்தது என்பீர்கள். யாரென்றே தெரியாதவன் வழியாக உங்கள் முழு டிராஃபிக்கையும் அனுப்புவது தீர்வா? நாளை அதையும் அடைப்பார்கள்.

கேட்பதே நல்லது, ஆனால் சரியாகக் கேட்கணும். ‘மீட் வேலை செய்யல சார்’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. குரோமின் வெப்ஆர்டிசி இன்டர்னல்ஸ் பக்கத்தில் கால் யுடிபியில் போகிறதா, டிசிபியிலா என்று தெரியும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்க. கூடவே எழுதுங்க: மீட்டுக்கு யுடிபி 3478, டீம்ஸுக்கு 3478 முதல் 3481, ஜூமுக்கு 8801 முதல் 8810. வெளியே போக மட்டும், அந்த நிறுவனங்களே வெளியிட்டிருக்கும் ஐபி முகவரிகளுக்கு மட்டும். அட்மினின் பயம் நியாயமானது. இந்த இரண்டு ‘மட்டும்’ அதற்குப் பதில்.

நம்ம ஊரில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது ஒரு நாட்டின் கொள்கை, நம் கையில் இல்லை. கல்லூரி ஃபயர்வால் அப்படியில்லை.

பிளேஸ்மென்ட் இன்டர்வியூ ஆன்லைனில் நடக்கும் காலம் இது. நல்ல டவரும் டேட்டாவும் உள்ளவன் ஹாட்ஸ்பாட்டில் தப்பிப்பான். மற்றவனுக்கு ஹாஸ்டல் வைஃபைதான் கதி. எதிரே இருக்கும் ஹெச்ஆருக்கு ஃபயர்வால் தெரியாது, திக்கித் திக்கிப் பேசும் பையன்தான் தெரிவான். சீசன் தொடங்கும் முன்பே அந்த லிஸ்ட்டைக் கொண்டுபோய்க் கொடுங்க.