"இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்ற பிறகு



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் டில்லிக்கும் பெங்களூருக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், வயது சென்ற பெற்றோரும் வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவர் கைவிரிக்கும்போது பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள். ஊரிலானால் உற்றார் உறவினர் சூழ்ந்துகொள்வார்கள். இங்கே, ஒற்றை அறை வீட்டில், இரவெல்லாம் வலியால் முனகுகிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நோயைக் குணமாக்க இயலாத நிலையிலும் வலியைத் தணிக்க இயலும். இதற்கென்றே உள்ள மருத்துவம்தான் பாலியேட்டிவ் கேர் எனப்படும் ஆதரவுச் சிகிச்சை. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், மனக்கலக்கம் ஆகிய யாவற்றையும் அது கவனிக்கிறது. அது கடைசி நாட்களுக்கு மாத்திரம் உரியதன்று. நோய்க்கான சிகிச்சை நடக்கும்போதே அதையும் தொடங்கலாம். ஆகையால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

எங்கே தேடுவது? மும்பை பாந்த்ராவில் 1986இல் தொடங்கப்பட்ட சாந்தி அவேத்னா சதன் நம் நாட்டின் முதல் ஹாஸ்பைஸ் ஆகும். பெங்களூரில் கருணாஸ்ரயா 1999 முதல் நோயாளிகளை ஏற்றுவருகிறது. இவ்விரண்டும் முற்றிய புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிப் பராமரிக்கின்றன. டில்லியில் 1996இல் தோன்றிய கேன்சப்போர்ட், மருத்துவரையும் செவிலியரையும் வீட்டுக்கே அனுப்புகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறையே உண்டு. பிற நகரங்களில் வசிப்போர், 2003இல் திருவனந்தபுரத்தில் உருவான பாலியம் இந்தியா நிறுவனத்திடம் தங்கள் பகுதியிலுள்ள மையங்களை விசாரிக்கலாம். செல்லும்போது பயாப்சி அறிக்கை, ஸ்கேன், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே உறையில் எடுத்துச் செல்லுங்கள்.

மார்ஃபின் என்றதும் பலர் அஞ்சுகிறார்கள். கடும் வலிக்கு மருத்துவர் அளந்து தரும் மார்ஃபின் ஒருவரை அடிமையாக்குவது அரிது. மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்டபின், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வைத்திருப்பது எளிதாயிற்று. ஆயினும் எல்லா மருந்துக் கடையிலும் அது கிடைக்காது.

மொழியும் ஒரு தடை. இந்தியோ கன்னடமோ அறியாத தாயார், பேரப்பிள்ளையின் வாய்வழியாகத் தம் வலியைச் சொல்கிறார். குத்துகிறதா, எரிகிறதா, சுண்டி இழுக்கிறதா என்பது மருந்தையே மாற்றும். ஆகவே சிறு பிள்ளைகளின்மேல் இந்தப் பாரத்தைச் சுமத்தாமல், பெரியவர் ஒருவர் உடன் சென்று உள்ளதை உள்ளபடியே மொழிபெயர்க்க வேண்டும்.

ஊரிலேயே கண்மூட வேண்டும் என்று நோயாளி விரும்பினால், பயணம் செய்யத் திராணியிருக்கும்போதே புறப்படுங்கள். தமிழகத்தில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை பெற வழியுண்டு. அங்கே சிகிச்சையைத் தொடரும் மருத்துவர் யார், மார்ஃபின் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து அறிந்தபின் ரயில் ஏறுங்கள்.

ஹாஸ்பைஸில் சேர்ப்பது அவிசுவாசம் என்று எண்ணிக் கலங்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. நல்ல சமாரியன் காயங்களைக் கட்டியதோடு நில்லாமல், அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து, செலவையும் ஏற்றுக்கொண்டான். அன்பு அவ்விதமாகவே செயல்பட்டது. ஜெபியுங்கள், மருந்தையும் நேரம் தவறாமல் கொடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. வியாதிப்படுக்கையண்டை ஜெபித்துவிட்டு உடனே திரும்பிவிடாதிருங்கள். வாரத்தில் ஓர் இரவு நீங்கள் விழித்திருந்தால், பல நாளாய் உறங்காத அந்த மகளோ மருமகளோ ஓர் இரவு உறங்குவாள். அதுவும் ஓர் ஊழியமே.