தீவகத்தாரின் வாயை யார் பார்ப்பது?



எங்கள் பெரியம்மாவை வாய்ப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தோம். கன்னத்தின் உட்புறத்தில் முதலில் வலியில்லாத ஒரு வெள்ளைப் படலமாகத்தான் இருந்தது. பல்லு உரஞ்சின புண் என்று சொல்லி, விற்றமின் குளிசை கொடுத்து, ஓரிடத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. கழுத்தில் கட்டி கண்ட பிறகே நோயின் பெயர் தெரிந்தது. அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இது எங்கள் வீட்டோடு நிற்கும் துயரம் அல்ல.

இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலைதான் கெடுதல், வெறும் வெற்றிலை பாக்கில் ஒன்றுமில்லை என்று எங்கள் யாழ்ப்பாணத் தீவகத்து முதியவர்கள் நம்புகிறார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே அறிவித்துவிட்டது. பாக்கினால் வாயின் உட்தசை இறுகி, சோற்றுக் கவளம் வைக்கவும் வாய் திறக்க முடியாமற் போகலாம். புகையிலை கலந்த மெல்லும் பொருட்களை அரசாங்கம் 2016இல் தடை செய்தது. பாக்கைப் பற்றி எங்கள் கிராமங்களுக்கு வந்து சொன்னவர் யார்?

நுரையீரலையோ குடலையோ பார்க்க இயந்திரம் வேண்டும். வாயைப் பார்க்க ஒரு டோர்ச் வெளிச்சமும் பழகிய கண்ணும் விரலும் போதும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், வைத்தியர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலை, மது பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 வீதம் குறைந்தது என்று 2005இல் முடிவு வெளியானது. ஒரு காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை கப்பலேறியது அந்த மாவட்டம் அன்று அடங்கியிருந்த திருவிதாங்கூருக்குத்தான். அங்கே கண்ட வழி இன்னும் எங்கள் கரைக்கு வந்து சேரவில்லை.

அந்நிய நாட்டைக் காட்டத் தேவையுமில்லை. இலங்கையிலேயே ஆரம்ப சுகாதாரப் பணியாளர் 34 பேர் ஓராண்டில் 28,000க்கு மேற்பட்டோரின் வாயைப் பரிசோதித்த ஆய்வு 1984இல் வெளியானது. சந்தேகத்துக்குரியவர்களாக அனுப்பப்பட்ட 1,200க்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் மறுபரிசோதனைக்குப் போனார்கள். மற்றவர்கள் ஏன் போகவில்லை என்பதைத் தீவகத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நெடுந்தீவார் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை அதற்கும் அப்பால். வலியில்லாத ஒரு வெள்ளைப் படலத்துக்காக ஒருநாள் கூலியை விட்டு யார் போவார்கள்? வலி வரும்வரை காத்திருப்பார்கள். அதற்குள் காலம் கடந்துவிடும்.

நோயாளி வரட்டும் என்று சுகாதாரத் திணைக்களம் பட்டினத்தில் காத்திருப்பதை நான் கண்டிக்கிறேன். எங்கள் கோரிக்கைகள் இவை:

ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவுப் பிரிவுகளில் வெற்றிலை, புகையிலை, மது பழகிய ஒவ்வொருவரின் வாயையும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஊரிலேயே பரிசோதிக்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் அதற்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் மாறாத புண்ணையும், வெள்ளை, சிவப்புப் படலங்களையும் குளிசை கொடுத்துத் தள்ளிப்போடாமல் வாய் முகத்தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பப்படுபவருக்குப் போக்குவரத்துச் செலவு கொடுத்து, அவர் போய்ச் சேர்ந்தாரா என்று விசாரிக்கவும் வேண்டும்.

பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க அரசாங்கம் ஒரு சேவையையே வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் வாயைத் திறந்து காட்டவும் ஒரு நாள், ஓரிடம், ஓராள் வேண்டும். எங்கள் பெரியம்மாவுக்கு அது கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
நாரந்தனை வடக்கு, ஊர்காவற்றுறை.