குற்றம் எங்கே போயிற்று?

பழைய மான்ஸ்டர் படங்களைத் தேடித்தேடி மறுபடியும் எடுக்கும் காலம் இது. ராபர்ட் எக்கர்ஸின் ‘நோஸ்ஃபெராட்டு’ 2024இல் வந்தது. அடுத்த ஆண்டில் லீ வானெல்லின் ‘வுல்ஃப் மேன்’, கியர்மோ டெல் டோரோவின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. காட்ஸில்லாவை ஜப்பானியர் ஒரு வழியிலும் ஹாலிவுட்காரர்கள் இன்னொரு வழியிலும் விடாமல் எடுத்து வருகிறார்கள். இவற்றைப் பற்றிய பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. மூலப் படத்தைத் தொடவே கூடாது என்பது ஒரு கட்சி. கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்று யாரையும் பயமுறுத்துவதில்லை, புதிதாக எடுத்தால்தான் பார்க்க முடியும் என்பது மறு கட்சி. இரண்டுமே பயத்தின் அளவை மட்டும் பார்க்கின்றன. நாம் வேறொன்றைக் கேட்க வேண்டும். இந்தக் கொடிய பிறவி உருவானதற்கு யார் காரணம் என்று பழைய படம் சொன்னது? புதிய படம் அந்தப் பழியை எங்கே கொண்டுபோய் வைத்தது?

மறுஆக்கமே பாவம் என்பதை நாம் ஏற்கவில்லை. 1922இல் முர்னாவ் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’வே பிராம் ஸ்டோக்கரின் நாவலை அனுமதியில்லாமல் எடுத்தாண்ட படம். ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார்; பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. தப்பிய பிரதிகளால்தான் அந்தப் படம் இன்று நமக்குக் கிடைக்கிறது. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கதை, புகழ்பெற்ற 1931ஆம் ஆண்டுப் படத்துக்கு முன்பே, 1910இல், எடிசன் கம்பெனியின் தயாரிப்பாகத் திரைக்கு வந்துவிட்டது. திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இந்தக் கதைகளின் இயல்பு. சொல்லும்போது எதை விட்டுவிடுகிறார்கள் என்பதில்தான் நம் கவனம் இருக்க வேண்டும்.

ஜேம்ஸ் வேல் இயக்கிய 1931ஆம் ஆண்டு ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் ஏரிக்கரைக் காட்சி ஒன்று உண்டு. மரியா என்ற சிறுமி, விஞ்ஞானி ஃபிராங்கன்ஸ்டைன் படைத்துக் கைவிட்ட, போரிஸ் கார்லாஃப் நடித்த அந்தப் பிறவியைக் கண்டு பயப்படவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறாள். இருவரும் பூக்களைத் தண்ணீரில் எறிகிறார்கள். பூக்கள் மிதக்கின்றன. அவன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வருகிறது. கையிலிருந்த பூக்கள் தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறான். அவள் மூழ்கியதும் பதறிப்போய், என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறி ஓடுகிறான். அமெரிக்காவில் இந்தக் காட்சியின் முடிவு வெட்டப்பட்டது. அவன் கைகள் சிறுமியை நோக்கி நீள்வதோடு காட்சி நின்றுவிடும். பிறகு இறந்த மகளைத் தூக்கிக்கொண்டு தகப்பன் ஊருக்குள் நடந்து வருவான். இடையில் என்ன நடந்திருக்கும் என்பதைப் பார்ப்பவர் மனமே மிகக் கொடூரமாக நிரப்பிக்கொண்டது. வெட்டுப்பட்ட பகுதி 1980களில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. சில விநாடிக் காட்சியை எடுத்துவிட்டதில், படைத்துவிட்டுக் கைவிட்டவனின் குற்றம் மங்கி, கைவிடப்பட்டவன் கொலைகாரன் ஆனான். பழி இடம் மாறுவதற்கு ரீமேக்கூட வேண்டியதில்லை, ஒரு கத்தரி போதும் என்பதற்கு இது சாட்சி.

இதே கேள்வியோடு காட்ஸில்லாவிடம் வருவோம். 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்தது. ஹிரோஷிமாவில் போட்ட குண்டைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிமை கொண்டது அது. ‘லக்கி டிராகன்’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகு, அபாயப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட எல்லைக்கு வெளியேதான் இருந்தது. ஆனாலும் கதிரியக்கச் சாம்பல் அதன் மேல் கொட்டியது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றார்கள். படகின் வானொலித் தொடர்பாளர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். மார்ஷல் தீவு மக்கள் மேலும் அதே சாம்பல் விழுந்தது. இஷிரோ ஹோண்டாவின் ‘காட்ஸில்லா’ நவம்பர் 3 அன்று திரைக்கு வந்தது. குபோயாமா இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை.

அந்தப் படம் ஒரு படகிலிருந்துதான் தொடங்குகிறது. மேல்தளத்தில் மாலுமிகள் ஓய்வாக இசைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடல் வெண்மையாகப் பளிச்சிடுகிறது, படகு தீப்பற்றுகிறது. ஜப்பானியப் பார்வையாளருக்கு இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. ரயிலில் போகும் சாதாரண மனிதர்கள் நச்சேறிய மீனையும் கதிரியக்க மழையையும் பற்றிப் பேசுகிறார்கள். நாகசாகியிலிருந்து தப்பி வந்ததைச் சொல்கிறாள் ஒரு பெண். டோக்கியோ எரிந்த மறுநாள் மருத்துவமனையில் ஒரு குழந்தையின் அருகே கைகர் கருவியைக் கொண்டுபோகிறார்கள்; கருவி ஒலிக்கிறது, மருத்துவர் தலையை ஆட்டுகிறார். ரப்பர் உடையும் பொம்மை நகரமும் பழசாகிவிட்டன என்று சொல்கிறவர்கள் இந்த மருத்துவமனைக் காட்சியை ஒருமுறை பார்க்க வேண்டும். எழுபதாண்டு கழிந்தும் அது துளியும் தேயவில்லை.

அமெரிக்காவுக்குப் போனபோது படம் வேறாகிவிட்டது. 1956இல் ரேமண்ட் பர் நடித்த அமெரிக்கப் பத்திரிகையாளர் பாத்திரத்தைப் புதிதாகப் படம்பிடித்து நடுவே செருகினார்கள். ரயில் பேச்சு போயிற்று. குண்டுச் சோதனை தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா வரும் என்று முதிய விஞ்ஞானி கடைசியில் சொல்லும் எச்சரிக்கையும் போயிற்று. உலகம் நிம்மதியாக வாழலாம் என்ற குரல் அங்கே வந்து உட்கார்ந்தது. ஹோண்டாவின் மூல வடிவம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியாக 2004 வரை ஆயிற்று. குண்டு போட்ட நாட்டு மக்கள் அரை நூற்றாண்டுக் காலம் தங்கள் மேல் விழும் பழி நீக்கப்பட்ட படத்தைத்தான் பார்த்துவந்தார்கள்.

பிறகு வந்த ஹாலிவுட் மறுஆக்கங்கள் இன்னும் தூரம் போயின. ரோலண்ட் எம்மெரிக்கின் 1998ஆம் ஆண்டுப் படத்தில் ஊர்வனவாகிய அந்த விலங்கை உருமாற்றியது பாலினேசியாவில் பிரான்ஸ் நடத்திய அணுச் சோதனை. கேரத் எட்வர்ட்ஸின் 2014ஆம் ஆண்டுப் படம் அதைவிடத் துணிந்தது: பசிபிக்கில் வெடித்தவை சோதனைக் குண்டுகளே அல்லவாம், காட்ஸில்லாவைக் கொல்ல எடுத்த முயற்சிகளாம். 23 மீனவர்களையும் மார்ஷல் தீவு மக்களையும் சுட்ட நெருப்பு இந்த ஒரே வரியில் உலகைக் காக்கும் நெருப்பாகிவிடுகிறது. அதே படத்தில் கென் வாட்டனாபே நடித்த செரிஸாவா, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த 8.15 மணிக்கு நின்றுபோன தன் தந்தையின் கடிகாரத்தை அமெரிக்க அட்மிரலிடம் காட்டுகிறார். மனதைத் தைக்கும் காட்சிதான். ஹிரோஷிமாவுக்கு அஞ்சலி செய்யும் படமே பிகினியை மன்னித்துவிடுகிறது என்பதுதான் நம்மை வருத்துகிறது.

செரிஸாவா என்ற அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954 படத்தின் செரிஸாவா இளம் விஞ்ஞானி. காட்ஸில்லாவை அழிக்கக்கூடிய ஆயுதம் அவரிடம் இருக்கிறது. ஆனால் அது அரசியல்வாதிகள் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று அஞ்சுகிறார். ஆகவே குறிப்புகளையெல்லாம் எரிக்கிறார். கடலுக்கு அடியில் ஆயுதத்தைப் பயன்படுத்திவிட்டு, தன் உயிர்க்குழாயைத் தானே அறுத்துக்கொண்டு அந்த அறிவோடு சாகிறார். 2019ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தில் இன்னொரு செரிஸாவா கடலுக்கு அடியில் சாகிறார். எதற்காக? நலிந்துகிடக்கும் காட்ஸில்லாவுக்கு வலுவூட்ட அணுகுண்டைத் தன் கையாலேயே வெடிக்கச் செய்து. ஒருவர் பேரழிவு ஆயுதத்தை உலகிலிருந்து அகற்றச் செத்தார். மற்றவர் அணுகுண்டை மருந்தாக ஊட்டச் சாகிறார். பெயர், கடலடி, தியாகம் எல்லாம் அப்படியே இருக்க, அர்த்தம் மட்டும் தலைகீழாயிற்று. மூலத்துக்கு மரியாதை செய்வதாகச் சொல்லிக்கொண்டே மூலத்தைத் தோற்கடிப்பது இதுதான்.

ஜப்பானியரே எடுத்த புதிய படங்கள் பழியைத் தங்கள் வீட்டிலேயே தேடின. ஹிதேயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் சேர்ந்து எடுத்த ‘ஷின் காட்ஸில்லா’ 2016இல் வந்தது. 2011 ஃபுகுஷிமாவின் காயம் ஆறாத நேரம். கடலில் கொட்டிய அணுக்கழிவைத் தின்று வளர்ந்த விலங்கு ஊருக்குள் புகும்போது, அமைச்சர்களும் அதிகாரிகளும் ஒரு கூட்ட அறையிலிருந்து இன்னொரு கூட்ட அறைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தகாஷி யமசாகியின் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ 2023இல் வந்தது. சாக அனுப்பப்பட்டு, சாக மனமில்லாமல் திரும்பிய தற்கொலைப்படை விமானியின் கதை அது. தன் வீரர்களின் உயிரை மலிவாக மதித்த அரசை அது நேரடியாகக் குற்றம் சாட்டுகிறது. காட்ஸில்லாவுக்கு பிகினி வெடிப்பில்தான் பேருருவம் வந்தது என்பதையும் மறைக்கவில்லை. 35 பேர் கொண்ட குழு செய்த அதன் காட்சிக்கலைக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனாலும் அதே ஜப்பானியப் படை ஆசியாவில் கொன்று குவித்தவர்களைப் பற்றி இந்தப் படம் வாய்திறக்கவில்லை. அந்த மௌனத்தையும் நாம் கணக்கில் வைக்க வேண்டும். நல்ல படம் என்பதற்காகக் கேள்வியைத் தளர்த்தலாகாது.

மறுஆக்கம் மூலத்தைவிட நேர்மையாக இருக்கவும் முடியும். 1933இல் ஜேம்ஸ் வேல் எடுத்த ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ படத்தில், நாயகன் வெறிபிடித்துக் கொலை செய்வதற்குக் காரணம் அவன் உட்கொண்ட மருந்து என்று சொல்லிவிடுகிறார்கள். எச்.ஜி.வெல்ஸின் நாவலில் அப்படியொரு சாக்கு இல்லை. லீ வானெல் 2020இல் அதை எடுத்தபோது மருந்தையும் நீக்கினார், கதையையும் அவன் கண்ணிலிருந்து பிடுங்கி அவனிடமிருந்து தப்பியோடும் பெண்ணின் கையில் கொடுத்தார். எலிசபெத் மாஸ் நடித்த செசிலியா வீட்டுக்குள் ஏதோ வேலையாக இருப்பாள். கேமரா அவளை விட்டுவிட்டு ஆளில்லாத மூலைக்கு மெல்லத் திரும்பி அங்கேயே நிற்கும். அங்கே எதுவும் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அவளைச் சுற்றியுள்ளவர்கள்தான் நம்ப மறுக்கிறார்கள். தன்னை ஆட்டிப்படைத்தவனின் கொடுமைக்குச் சான்று காட்ட முடியாத ஒவ்வொரு பெண்ணின் நிலையும் அந்த வெற்று மூலையில் இருக்கிறது. எண்பத்தேழு ஆண்டுகளாக மருந்தின்மேல் கிடந்த பழியை எடுத்து உரியவன்மேல் வைத்த படம் இது. மறுஆக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாம் இதைத்தான் காட்டுவோம்.

ஆகவே நம் வேண்டுகோள் எளிமையானது. திரைப்பட இயக்கங்கள் பழையதையும் புதியதையும் இணையாகத் திரையிடட்டும். காட்ஸில்லாவைத் திரையிடுகிறவர்கள் 1954ஆம் ஆண்டு ஜப்பானிய வடிவத்தை வெட்டில்லாமல் முதலில் காட்டட்டும். 1956ஆம் ஆண்டு அமெரிக்க வடிவத்தையும் 2014ஐயும் அதன் பிறகு வைக்கட்டும். இளைஞர்கள் மூன்றையும் பார்த்துவிட்டு அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும். விமர்சகர்கள் கிராஃபிக்ஸையும் நடிப்பையும் எடைபோடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், பழி எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதையும் ஒவ்வொரு மறுஆக்கத்திலும் எழுதட்டும். லக்கி டிராகன் படகைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படிக்காத கோடிக்கணக்கானோர் காட்ஸில்லாவைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் படம்தான் வரலாறு. அதில் குண்டு போட்டவரைக் காவலராகக் காட்டினால், அடுத்த தலைமுறை அதையே உண்மையென்று நம்பும். பயமுறுத்தும் உரிமை எந்தப் படத்துக்கும் உண்டு. குற்றவாளியை விடுவிக்கும் உரிமை எதற்கும் இல்லை.